மஹ்மூது தொட்ட மேகம்

புதுமடத்தில் ராமநாதபுரம் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் யாரும் பஸ்ஸைத் திட்டுவதில்லை. முதலில் பக்கத்தில் மஹ்மூது நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்வார்கள். நின்றால் போச்சு. "எங்க மலேசியாவுல..." என்று ஆரம்பித்துவிடுவார். பஸ் வந்து, ஏறி, உச்சிப்புளியும் தாண்டி, கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடித்த பிறகும் மலேசியா ஓடிக்கொண்டிருக்கும். ரோட்டில் பள்ளம் கிடந்தால் மலேசியா. டீயில் ஆடை மிதந்தால் மலேசியா. கரண்ட் போனால் மலேசியா. வந்துவிட்டால், "அங்க போகவே போகாதுப்பா" என்று அதற்கும் மலேசியா.

அவருக்கு வயது அறுபத்தொன்று. வாப்பா கரைவலைக்காரர். மகனுக்கும் கடல்தான் என்று இருந்தது. ஆனால் வல்லத்தில் ஏறிய முதல் நாளே காலையில் தின்ற இடியாப்பம் மட்டுமல்ல, முந்தின வாரம் தின்றதும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. மூன்று மாதம் பொறுத்தார் வாப்பா. மீன்களுக்கு இவ்வளவு தீனி போட்டும் வலையில் ஒன்றும் கூடுதலாக விழக் காணோம். "ஏலே, கடலுக்கு ஒன்னயப் புடிக்கல. கரையில எதாச்சும் பாரு" என்று இறக்கிவிட்டார். இந்தக் கரையில் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் மஹ்மூது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரைக்குப் போனார். பிளேனில் வாந்தி வரவில்லை.

கோலாலம்பூரில் செந்தூல் என்கிற பகுதியில் ஒரு மாமாக் கடை. நம் பக்கத்து முஸ்லிம்கள் அங்கே நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். இரவும் பகலும் அடைக்கவே மாட்டார்கள். அந்தக் கடையில் மஹ்மூது டீ ஆற்றினார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் டீ கயிறு மாதிரி தொங்கும். இருபத்தாறு வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு, இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார், இரண்டு மாதம் இருப்பார், பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்புவார். முதல் பயணத்தையும் சேர்த்துப் பதினோரு தடவை.

இப்படிப் போவதற்கு அந்தக் கடற்கரையில் சபர் என்று பெயர். சபர் என்றால் பயணம். ஆனால் அந்தப் பயணத்தில் யாரும் எதையும் சுற்றிப் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. சபர் போனான் என்றால் வேலைக்குப் போனான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் தேவைப்பட்டதும் இல்லை.

அவருடைய மனைவி நூர் நிஷா ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பார். "என்னைய ஒருக்கா அங்கன கூட்டிட்டுப் போங்க மச்சான்."

"அடுத்த சபருக்கு, இன்ஷா அல்லாஹ்."

பதினோரு சபருக்கும் ஓர் அடுத்த சபர் இருந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தலைக்கு மேலே போக மறுத்தது. கை ஏறாதவனுக்கு அந்தக் கடையில் என்ன வேலை? ஊரோடு வந்துவிட்டார்.

நூர் நிஷாவுக்கு மலேசியா முழுக்க முழுக்கத் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அழைப்பு வரும். ஆரம்பத்தில் அதற்காக உச்சிப்புளி பூத்துக்குப் போய்க் காத்திருப்பார். பிறகு வீட்டுக்கே போன் வந்தது. பிள்ளை நலம், உடம்பு நலம் எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு ஒரே கேள்விதான்: "இந்த வாரம் என்ன பாத்தீங்க?" மஹ்மூது சொல்வார். நன்றாகச் சொல்வார். அதில் எல்லாம் பெரியது, 2003ஆம் வருஷப் பெருநாளன்று சொன்னது. ட்வின் டவரின் உச்சிக்கு ஏறியதாகவும், அந்த வழியாகப் போன ஒரு மேகத்தைக் கையால் தொட்டதாகவும் சொன்னார்.

"எப்புடி மச்சான் இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சு. இட்லித்துணி மாதிரி."

நூர் நிஷா அன்று சாயங்காலத்துக்குள் அந்த இட்லித்துணியை நாலு தெருவுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். இன்றைக்கும் ஐப்பசியில் கடல் மேல் கருமேகம் இறங்கினால் அந்தத் தெருப் பெண்கள், "நூரு மாப்ள தொட்டது வருது, துணிய எடுங்கடி" என்பார்கள்.

போன நோன்பு மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போது மஹ்மூது சும்மா இருக்காமல், "எங்க மலேசியாவுல நோம்புக் கஞ்சி..." என்று வாயைத் திறந்தார். நூர் நிஷா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு என்னையக் கூட்டிட்டுப் போங்க. இல்லையா, இனிமே அந்த ஊரு பேரை இந்த வீட்டுக்குள்ள எடுக்கப்படாது. எடுத்தா அன்னைக்குச் சோறு கெடையாது."

மஹ்மூது இரண்டு நாள் பேரை எடுக்காமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் பேசுவதற்கு ஒரு விஷயமும் இல்லை. ராமநாதபுரத்தில் இருக்கிற மகள் ஜுவைரியாவுக்குப் போன் போட்டார்.

ஜுவைரியாவும் மருமகன் காஜா நவாஸும் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்தார்கள். பத்து நாள். போக, வர டிக்கெட். தங்க ஹோட்டல். உம்மாவுக்கு ஒரு ஜோடி வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. நூர் நிஷா அதைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினார். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் அவர் போய் வந்த வேகத்தைப் பார்த்துக் கோழி கூடையை விட்டு வெளியே வரவில்லை.

இதுவரைக்கும் எல்லாம் சுலபம். கஷ்டம் எங்கே வந்ததென்றால், யாரும் நம்பவில்லை.

அந்தக் கடற்கரையிலிருந்து வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது, 'சுத்திப் பாக்கப் போறேன்'. அதனால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஊர் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். பக்கத்துத் தெரு உசாமா போன வருஷம் அப்படித்தான் போனான். அங்கே ஏர்போர்ட்டில் கேள்வி கேட்டார்கள். அவனுக்குச் சுற்றுலா என்ற சொல்லைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பிளேனிலேயே திருப்பி ஏற்றிவிட்டார்கள். இப்போது அவன் பெயர் ஒருநாள் சபராளி. டீக்கடைக்கு வந்தால், "என்னப்பா, எறங்குனியா, ஏறுனியா?" என்று கேட்கிறார்கள்.

மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருவர் மஹ்மூதை ஓரமாக இழுத்துக் கேட்டார். "எந்தக் கடையில மாமா?"

"கடையும் இல்ல, கிடையும் இல்ல. பத்து நாளு சுத்திப் பாத்துட்டு வாரோம்."

"அப்புடித்தான் சொல்லணும். மாமியையும் சேத்துக் கூட்டிட்டுப் போறீங்க பாத்தீங்களா, அது மூளை. சந்தேகமே வராது."

"ஏலே, உண்மையத்தாம்ப்பா சொல்றேன்!"

"ஆமா ஆமா. இதே மாதிரி கோவமாச் சொல்லுங்க. நம்பிருவாங்க."

டிக்கெட் போட்டுக் கொடுத்த இஃப்திகாரும் அதே ரகம்தான். ராமநாதபுரத்தில் சின்ன ஆபீஸ். எதிரே மஹ்மூதை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தான்.

"மாமா, கவுண்டர்ல கேப்பாங்க. பர்ப்பஸ் ஆஃப் விசிட்? நீங்க என்ன சொல்லணும்?"

"டூரிஸ்ட்."

"சிரிக்காமச் சொல்லுங்க."

"டூரிஸ்ட்."

"இப்ப அழுகுற மாதிரி இருக்கு."

"ஏன்டா, நெசமாவே டூரிஸ்ட்டுதானடா நானு!"

"அதான் மாமா பயமா இருக்கு. பொய் சொல்றவன் பத்து நாளு மனப்பாடம் பண்ணிட்டுப் போறான். உண்மை சொல்றவன்தான் அங்கன போயி ஒளறுறான்."

அந்தச் சொல் மஹ்மூதுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நூர் நிஷாவிடம் சொன்னார். அன்றிலிருந்து நூர் நிஷாதான் அதிகாரி. மீன் அலசிக்கொண்டிருப்பார், திடீரென்று தலையைத் தூக்கி, "பர்ப்பசு?" என்பார். மஹ்மூது பல் தேய்க்கிற பிரஷோடு, "டூரிஸ்ட்" என்பார். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் எதிரே நின்று, "பர்ப்பசு?" ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தூக்கத்தில் கேட்டுப் பார்த்தார். தூக்கத்திலும் டூரிஸ்ட்தான்.

திருச்சியிலிருந்து காலை விமானம். நூர் நிஷாவுக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. மேலே ஏறியதும் கீழே வெள்ளை வெளேரென்று மேகம். பார்த்துக்கொண்டிருந்தவர் கணவரை முழங்கையால் இடித்தார்.

"மச்சான், நீங்க தொட்டது இதையா?"

"அது... அது வேற மாதிரி. இதவிட ஒசரத்துல போகும்."

"பிளேனவிட ஒசரத்துலயா?"

மஹ்மூது சட்டென்று தூங்கிவிட்டார். நிஜமாகத் தூங்குகிறவருக்கு இமை அவ்வளவு துடிக்காது. நூர் நிஷா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

கோலாலம்பூரில் இறங்கி வரிசையில் நிற்கும்போது மஹ்மூது மாறிப்போனார். முதுகு நிமிர்ந்தது. பலகைகளை எல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். இது கக்கூஸ், இது வெளியே போகிற வழி. "எங்க மலேசியா எப்புடி?" என்று கேட்டார். தரை வழவழவென்று இருந்தது. நூர் நிஷா புது ஷூ போட்ட காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். வரிசைக்கு அந்தப் பக்கம், கவுண்டர்களைத் தாண்டி, பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் வெயிலும் மரமும் தெரிந்தன.

கவுண்டரில் சின்ன வயதுக்காரர் ஒருவர். மஹ்மூது பாஸ்போர்ட்டை நீட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மனைவி பக்கத்தில் நிற்கிறார், மலாயில் நாலு வார்த்தை பேசிக் காட்டாவிட்டால் இருபத்தாறு வருஷத்துக்கு என்ன மரியாதை? "ஸலாமத் தெங்கா ஹாரி, போஸ்!" என்றார். மத்தியான வணக்கம், முதலாளி.

அந்த இளைஞருக்குச் சந்தோஷம். இங்கிலீஷை விட்டுவிட்டுச் சிரித்தபடி அதே மொழியில் கேட்டார். "டத்தாங் புவாட் அப்பா, பாச்சேக்?" என்ன செய்ய வந்தீங்க பெரியவரே?

இந்த மாதிரிக் கவுண்டரில், இதே மொழியில், இதே கேள்வியை மஹ்மூதிடம் பதினோரு தடவை கேட்டிருக்கிறார்கள். பதினோரு தடவையும் ஒரே பதில். மூளையைக் கேட்காமல் வாய் தானாகச் சொன்னது.

"கெர்ஜா, போஸ்."

வேலைக்கு வந்தேன், முதலாளி.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. "டூரிஸ்ட்! நோ நோ! டூரிஸ்ட்!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். இஃப்திகார் சொன்ன ஒளறல் இதுதான். இளைஞரின் சிரிப்பு மெல்ல உள்ளே போனது. பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து அறையைக் காட்டினார்.

அறையில் வரிசையாக நாற்காலிகள், எதிரே ஒரு மேசை. ஏற்கனவே மூன்று பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சொன்னீங்க அவருக்கிட்ட?" என்றார் நூர் நிஷா.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காக?"

சொன்னார். நூர் நிஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! மீன் கழுவயில கேட்டா சொன்னீங்க, தூங்கயில கேட்டா சொன்னீங்க..."

"நீ இங்கிலீஷுல கேட்ட புள்ள. அவரு மலாயில கேட்டுட்டாரு."

"அப்ப நாம உசாமா கேசுதானா?"

மஹ்மூது குனிந்துகொண்டார். ஊர் சிரிக்குமே என்று அவர் நினைக்கவில்லை. ஊருக்கு இன்றைக்கு இது, நாளைக்கு வேறு. அவர் மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவின் அடியில் இன்னும் இந்த ஊர் மண் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. கண்ணாடிக் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நூறு அடி இருக்கும். பதினோரு தடவை 'அடுத்த சபர்' சொன்னவனுக்கு இந்த நூறு அடி போதுமான தண்டனைதான். ஆனால் அவள் என்ன பாவம் செய்தாள்?

கதவு திறந்து ஓர் அம்மாள் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் கவிப்ரியா என்று பெயர். கையில் இவர்களுடைய பாஸ்போர்ட்.

"வணக்கம் ஐயா. ஆண்ட்டி, பசியாறிட்டீங்களா?"

நூர் நிஷா நிமிர்ந்தார். சாப்பிடுவதற்குப் புதுமடத்திலும் பசியாறுவது என்றுதான் சொல்வார்கள். வந்து இறங்கியதிலிருந்து ஒரு சொல்கூடப் புரியாமல் இருந்தவருக்கு, யாரோ சொந்தக்காரப் பெண் வந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. "எங்கம்மா பசியாற? பிளேன்ல ஒரு ரொட்டிய குடுத்தாக. ஈரமே இல்ல" என்று ஆரம்பித்தார்.

கவிப்ரியா சிரித்தார். ஆனால் பேனாவைத் திறந்தார். ஹோட்டல் சீட்டு, திரும்பும் டிக்கெட் எல்லாம் பார்த்தார். சரியாக இருந்தது. கைப்பையைத் திறக்கச் சொன்னார். ஐந்து புதுக் கைலி, இரண்டு ஓலைக் கொட்டான் கருப்பட்டி.

"பத்து நாளைக்கு அஞ்சு கைலியா ஐயா?"

"எனக்கில்லம்மா. கடையில கூட வேலை பாத்தவங்களுக்கு."

"இன்னும் அதே கடையிலதான் இருக்காங்களா?"

"ஆமாம்மா. போனதும் மொதல்ல அவங்களத்தான் பாக்கணும்."

கவிப்ரியா எதையோ எழுதினார். உண்மையைச் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகப் போய்க்கொண்டிருப்பது மஹ்மூதுக்குப் புரிந்தது.

"எந்தெந்த இடம் சுத்திப் பாக்கப் போறீங்க?"

"செந்தூல் பசார்..."

"அது மீன் மார்க்கெட்டு ஐயா."

"செலாயாங்..."

"அது காய்கறி மார்க்கெட்டு."

"சௌக்கிட்டு."

"அதுவும் மார்க்கெட்டு."

கடைக்குச் சாமான் எடுக்கப் போன இடங்களைத் தவிர மஹ்மூதின் வாயில் வேறு ஊர்ப்பெயர் வரவில்லை. கவிப்ரியா பேனாவைக் கீழே வைத்தார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இருபத்தாறு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. எல்லாம் பாத்திருப்பீங்க. வாயில வேலைன்னு வந்திருக்கு. பையில கடைக்காரங்களுக்குச் சாமான் இருக்கு. சுத்திப் பாக்க வந்தீங்கன்னு நான் எப்படி எழுதறது?"

நூர் நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. புருஷனை யாரோ குறைத்துப் பேசுகிறார்கள் என்று மட்டும் பட்டது. "ஏம்மா, இவரு பாக்காததா? எல்லாம் பாத்திருக்காரு! அந்த ரெட்டைக் கட்டடத்து உச்சியில ஏறி, போன மேகத்தக் கையால தொட்டவராக்கும்!"

கவிப்ரியா மஹ்மூதைப் பார்த்தார். "அங்க ஜன்னல் திறக்காதே ஐயா."

ஆமாம் என்று சாதித்தால் அதிகாரியிடம் பொய் சொன்னவன். அதோடு, எல்லாம் பார்த்து முடித்தவனுக்குச் சுற்றிப் பார்க்க இங்கே என்ன மிச்சம் இருக்கிறது? இல்லை என்று சொன்னால் பக்கத்து நாற்காலியில் நூர் நிஷா. மஹ்மூது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏறுனதில்லம்மா."

நூர் நிஷா திரும்பினார்.

"எதையும் பாத்ததில்ல. கடைக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற எடத்துல நின்னா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல அந்தக் கட்டடத்தோட உச்சி தெரியும். இம்புட்டுதான்." விரலால் அளவு காட்டினார். "பன்னெண்டு மணி நேரம் டூட்டி. லீவன்னைக்குத் துணியத் தொவச்சுப் போட்டுட்டுத் தூங்கிப்புடுவேன். போகலாம் போகலாம்னே இருந்துட்டேன். அந்தப் பெருநாளுக்கும் கடை தொறந்துதான் கெடந்துச்சு. நடுவுல ஓடிப் போயி இவளுக்குப் போன் போட்டேன். என்ன பாத்தீங்கன்னு கேட்டா. பெருநாளும் அதுவுமா, டீத்தண்ணியப் பாத்தேன்னா சொல்ல முடியும்?"

நூர் நிஷா அவர் பக்கம் சாய்ந்து கேட்டார். "அப்ப மேகம்?"

"இல்ல."

"ஈரமா, இட்லித்துணி மாதிரின்னு?"

"டீ வடிகட்டுற துணி கையில இருந்துச்சு."

நூர் நிஷாவின் முகம் முதலில் சுருங்கியது. அழப்போகிறார் என்று கவிப்ரியா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். ஆனால் வந்தது அழுகை இல்லை.

"இருபத்தி ரெண்டு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! எந்த மேகம் வந்தாலும் என் வீட்டு வாசல்லதான நிறுத்துனேன்! எதுத்த வீட்டு மைமூன் லாத்தா கண்ண மூடி மவுத்தாப் போற வரைக்கும் எங்கிட்ட அதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சே!"

"மெதுவாப் பேசு புள்ள."

"என்ன மெதுவா? அப்ப மத்ததெல்லாம்? கடைக்கு எதுக்க தூங்குமூஞ்சி மரம், மைனாக் கூட்டம்னீங்களே?"

"அது உண்மை. போன்ல சத்தம் கேட்டியே நீ."

"ரயிலு போனா கண்ணாடி கிளாசெல்லாம் ஆடும்னு?"

"ஆடும்."

"பன்னெண்டு பேரு படுக்குற ரூம்புல ஒங்களுக்கு ஜன்னலுக்குக் கீழ எடம்னு?"

மஹ்மூது கொஞ்சம் யோசித்தார். "ஜன்னலுக்குக் கீழ இல்ல. கதவுக்குப் பின்னாடி."

"பாத்தியாம்மா? பாத்தியா?" என்று கவிப்ரியாவிடம் முறையிட்டார். மறுபடி திரும்பினார். "அந்த உடும்பு? சாக்கடையில இருந்து ஏறி வந்து, டீ குடிக்கிற ஆளுக காலுக்கு நடுவுல போகும்னீங்க. மேனேஜருன்னு அதுக்குப் பேரு வச்சீங்க."

"அல்லா அறிய உண்மை நூரு. அது வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. அதான் மேனேஜரு."

"நான் நம்ப மாட்டேன்."

"நெசமா!"

"கண்ணால பாக்குற வரைக்கும் நம்ப மாட்டேன்." நூர் நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கவிப்ரியாவின் பக்கமாக உட்கார்ந்தார். மேசையில் விரலை ஊன்றினார். "எழுதிக்கம்மா. இந்த மனுசன் இருபத்தாறு வருசமா போன்ல சொன்னதுல எது உண்மை, எது பொய்யின்னு பாக்க வந்திருக்கேன். மரத்தப் பாக்கணும். கிளாசு ஆடுறதப் பாக்கணும். கதவுக்குப் பின்னாடி படுத்துக் கெடந்த எடத்தப் பாக்கணும். உடும்பப் பாக்காம நான் ஊருக்குத் திரும்ப மாட்டேன். பத்து நாளு பத்துமான்னுகூடத் தெரியல."

மூலையில் தலையைத் தொங்கப்போட்டிருந்த மூன்று பேரும் இப்போது தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சண்டை எந்த மொழியிலும் தெரியும்.

கவிப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் முடியாமல் சிரித்துவிட்டார். "வேலைக்கு வர்றவங்க உடும்பு பாக்கணும்னு ஆண்ட்டியக் கூட்டிட்டு வரமாட்டாங்க" என்று எழுந்தார். வெளியே போய்க் கவுண்டர் இளைஞரிடம் நின்று ஏதோ பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த இளைஞரின் புருவம் ஏறி இறங்குவது தெரிந்தது. திரும்பி வந்து மஹ்மூதிடம் மெல்லச் சொன்னார். "அவர் மறுபடி கேப்பார். இந்தத் தடவை சரியான பதில் சொல்லுங்க. மலாய்லயே சொல்லலாம். உங்களுக்குத் தெரியாத வார்த்தையா?"

தெரியாத வார்த்தை இல்லை. சுற்றிப் பார்க்கிறதுக்கு அங்கே ஜாலான் ஜாலான் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து டீ குடிக்கிறவர்களிடம், "ஜாலான் ஜாலானா போஸ்?" என்று மஹ்மூது ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்திருக்கிறார். தன்னைப் பற்றி அதைச் சொல்ல வேண்டிய அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை.

மறுபடி கவுண்டர். இளைஞர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். "டத்தாங் புவாட் அப்பா, பாச்சேக்?"

மஹ்மூதின் வாய் பழைய இடத்துக்குப் போகப் பார்த்தது. நாக்கு 'கெ' என்ற எழுத்துக்கு மடங்கியதைப் பக்கத்தில் நின்ற நூர் நிஷா பார்த்துவிட்டார். முழங்கையால் விலாவில் ஒரு இடி.

"ஜாலான் ஜாலான்" என்றார் மஹ்மூது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவரைப்போல அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஜாலான் ஜாலான், போஸ். இஸ்திரியும் நானும்." இஸ்திரி என்றால் அங்கே மனைவி. அதை ஏன் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது.

முத்திரை விழுந்தது. ஒன்று, இரண்டு.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே சூடும் ஈரமுமாக ஒரு காற்று முகத்தில் அடித்தது. நூர் நிஷா திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மஹ்மூது பையோடு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். கோபம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நூரு, மொதல்ல டவருக்குப் போவமா? ரெண்டு பேருமே பாத்ததில்ல."

நூர் நிஷா நின்றார். "டவரு நின்ன எடத்துலதான் நிக்கும். எங்கன போயிரப் போகுது? மேனேஜரு அப்புடி நிக்குமா? மொதல்ல சாக்கடைக்கு விடச் சொல்லுங்க."

டாக்ஸிக்காரர் எந்த ஹோட்டல் என்று கேட்டார். மஹ்மூது ஹோட்டல் பெயரைச் சொல்லவில்லை. செந்தூலில் ரயில் பாதையை ஒட்டி, தூங்குமூஞ்சி மரத்துக்கு எதிரே, ஒரு பெரிய சாக்கடை இருக்கிறது, அங்கே போக வேண்டும் என்று மலாயில் விளக்கினார். டாக்ஸிக்காரர் அவரைப் பார்த்தார். பின் சீட்டில் நேராக உட்கார்ந்திருந்த நூர் நிஷாவைப் பார்த்தார். தான் சரியாகத்தான் கேட்டோமா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, வண்டியை எடுக்காமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.